சிவப்புக் கோட்டு மனிதர் யார்? எக்ஸிட்டர் ஓவியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த ஓவியத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் டெவன் பகுதியின் முக்கிய நகரம் எக்ஸிட்டர். அங்கே ராயல் ஆல்பர்ட் மெமோரியல் மியூசியம் என்று ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது, 1868-இல் திறந்தது. அதன் சேகரிப்பில் சுமார் இரண்டடி உயரமுள்ள ஓர் எண்ணெய் வண்ண ஓவியம் உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வரைந்தது. ஆப்பிரிக்க வம்சாவளியைச் சேர்ந்த ஓர் ஆண், நெஞ்சளவுக்கு. சிவப்புக் கோட், அதே சிவப்பில் உள்சட்டை, கழுத்தில் வெள்ளைத் துணி. பின்னணியில் மேசை, புத்தகம், திரைச்சீலை, கப்பல் எதுவும் கிடையாது. ஆளும் அவர் முகமும்தான் படம்.

அவர் பெயர் தெரியாது. ஆனால் உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் அவரை வேறொருவர் பெயரில் அறிவார்கள். கேள்விகள் எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன.

இது ஓலாடா எக்வியானோதானே? புத்தக அட்டையிலேயே பார்த்திருக்கிறேனே?

நீங்கள் பார்த்தது இதே படம்தான், ஆனால் இதில் இருப்பவர் எக்வியானோ இல்லை.

எக்வியானோ யார் என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: சிறு வயதில் கடத்தப்பட்டு அடிமையாக விற்கப்பட்டு, பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஒருவரிடம் கப்பலில் வேலை பார்த்து, பின் மான்செராட் தீவில் ராபர்ட் கிங் என்ற வணிகரிடம் கைமாறி, சொந்தமாகச் சிறு வியாபாரம் செய்து சேர்த்த பணத்தில் 40 பவுண்டு கட்டி 1766 ஜூலையில் தன் விடுதலையைத் தானே வாங்கியவர். 1789-இல் லண்டனில் தன் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். அவர் உயிரோடு இருக்கும்போதே ஒன்பது பதிப்புகள் வந்தன. அடிமை வணிகத்துக்கு எதிரான இயக்கத்தில் அந்தப் புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1797-இல் இறந்தார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். எக்ஸிட்டர் ஓவியத்தின் காலம் சுமார் 1757 முதல் 1760 வரை என்று கருதப்படுகிறது. எக்வியானோ தன் புத்தகத்தில் சொல்வதை வைத்துப் பார்த்தால் அவர் பிறந்தது 1745 வாக்கில். அப்படியானால் ஓவியம் வரைந்தபோது அவருக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்துக்குள். இதைவிட வலுவான ஒரு சான்றும் இருக்கிறது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் செயின்ட் மார்கரெட் தேவாலயத்தில் 1759 பிப்ரவரியில் அவருக்கு ஞானஸ்நானம் நடந்தது, அந்தப் பதிவேட்டில் வயது 12 என்று எழுதியிருக்கிறது. (அதே பதிவேடு அவர் கரோலினாவில் பிறந்தவர் என்றும் சொல்வதால், அவர் ஆப்பிரிக்காவில் பிறந்தாரா அமெரிக்காவிலா என்று ஆய்வாளர்களுக்குள் ஒரு பெரிய சண்டையே நடந்துகொண்டிருக்கிறது, அது தனிக் கதை.) ஓவியத்தில் இருப்பவர் வளர்ந்த ஆண். பன்னிரண்டு வயதுப் பையன் இல்லை, பதினைந்தும் இல்லை. அதுவும் அந்த ஆண்டுகளில் எக்வியானோ போர்க்கப்பலில் வெடிமருந்து சுமந்துகொண்டிருந்த அடிமைச் சிறுவன். நல்ல துணியில் தைத்த முழு உடையோடு லண்டனின் முன்னணி ஓவியர் முன் உட்கார அவனுக்கு வழி ஏது?

அப்படியானால் எக்வியானோவின் உண்மையான முகம் எது?

அவருடைய புத்தகத்தின் முகப்பில் இருக்கிறது. வில்லியம் டென்டன் வரைந்து டேனியல் ஓர்ம் செதுக்கி அச்சிட்ட படம், 1789. கையில் பைபிளைத் திறந்து பிடித்திருப்பார், அப்போஸ்தலர் நடபடிகள் நான்காம் அதிகாரம். புத்தகத்தைத் தானே வெளியிட்டு, தானே ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றவர் அவர். முகப்புப் படம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் அவருக்கு அக்கறை இல்லாமல் இருந்திருக்காது. அவர் உலகத்துக்குக் காட்ட விரும்பிய முகம் அதுதான்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உடையின் வெட்டிலேயே முப்பது வருட இடைவெளி தெரியும்.

அப்புறம் எப்படி அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது?

1943-இல் பெர்சி மூர் டர்னர் என்ற கலை வணிகர் வழியாக ஓவியம் எக்ஸிட்டருக்கு வந்தது. சில பத்தாண்டுகள் கழித்து, 1960-களை ஒட்டி, எக்வியானோவின் புத்தகத்தை உலகம் மறுபடி வாசிக்கத் தொடங்கியது. புதிய பதிப்புகளும் பாடப்புத்தகங்களும் கண்காட்சிகளும் வந்தன. எல்லோருக்கும் ஒரு முகம் தேவைப்பட்டது. முகப்பில் இருந்த பழைய கறுப்பு வெள்ளை அச்சுப் படத்தைவிட, எண்ணெய் வண்ணத்தில் பளிச்சென்ற சிவப்புக் கோட்டோடு இருந்த ஒரு கறுப்பினத்தவர் அட்டைக்கு எவ்வளவோ பொருத்தமாகத் தெரிந்திருப்பார். 18-ஆம் நூற்றாண்டு, இங்கிலாந்து, கறுப்பினத்தவர், கண்ணியமான தோற்றம் என்று நான்கும் பொருந்தியது. பெயர் விழுந்துவிட்டது. ஒரு தடவை அட்டையில் வந்தால் அடுத்த பதிப்பாசிரியர் அதையே எடுக்கிறார், பிறகு இணையம் வந்தது, அவ்வளவுதான்.

இதில் யாரும் ஏமாற்றவில்லை. அந்தக் காலத்து பிரிட்டிஷ் ஓவியங்களில் கறுப்பினத்தவர் நிறைய வருகிறார்கள், ஆனால் பெரும்பாலும் ஓரத்தில் வருகிறார்கள். சீமாட்டிக்குப் பழத்தட்டு நீட்டும் சிறுவனாக, குதிரையைப் பிடித்து நிற்பவனாக, சில படங்களில் கழுத்தில் வெள்ளி வளையத்தோடு. தனி ஆளாக, நடுவில், யாருக்கும் எதையும் நீட்டாமல் இருக்கும் படங்கள் மிகக் குறைவு. அப்படி ஒன்று கிடைத்ததும், அந்தக் காலத்தில் நமக்குத் தெரிந்த மிகப் பிரபலமான கறுப்பினத்தவரின் பெயரைக் கொடுக்கத் தோன்றுவது இயல்புதான். ஆனால் அதற்குள் ஒரு தவறான எண்ணமும் ஒளிந்திருக்கிறது: அன்றைய லண்டனில் உருவப்படம் வரையும் அளவுக்கு வந்த கறுப்பினத்தவர் ஒருவரோ இருவரோதான் இருந்திருப்பார்கள் என்ற எண்ணம். உண்மையில் அந்த நகரத்தில் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்தார்கள். அவர்களில் இசைக்கலைஞர்கள், மாலுமிகள், வீட்டுப் பணியாளர்கள், கடைக்காரர்கள், படிக்க அனுப்பப்பட்ட ஆப்பிரிக்க வணிகக் குடும்பத்துப் பிள்ளைகள் என்று எல்லாரும் உண்டு.

1757–60 என்று எப்படிச் சொல்கிறார்கள்? படத்தில் தேதி இருக்கிறதா?

இல்லை. உடையை வைத்துத்தான் முதலில் சொல்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டு ஆண்களின் கோட் பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருந்தது. கழுத்துப்பட்டை உண்டா இல்லையா, நின்றதா மடிந்ததா, கைமடிப்பு எவ்வளவு அகலம், முன்பக்கம் நேராக இறங்குகிறதா பின்னால் வளைந்து போகிறதா, பொத்தான் எவ்வளவு பெரிது, இதையெல்லாம் தேதி தெரிந்த படங்களோடும் அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கும் உண்மையான உடைகளோடும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். உடை வரலாறு படித்தவர்கள் இதில் கெட்டிக்காரர்கள். பொதுவாக ஓவியம் உடையின் காலத்துக்குப் பிந்தியதாக இருக்கலாம், முந்தியதாக இருக்க முடியாது. பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு ஒருவர் உட்காரலாம், இன்னும் யாரும் தைக்காத கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார முடியாது.

இரண்டாவது விஷயம், வரைந்த கை. அதற்கு அடுத்த கேள்வி.

வரைந்தது யார்? ரெனால்ட்ஸா, ராம்சேயா?

முதலில் ஜோஷுவா ரெனால்ட்ஸ் என்றார்கள். ரெனால்ட்ஸ் டெவன்காரர், பிளிமத் பக்கத்தில் பிளிம்ப்டனில் பிறந்தவர். எக்ஸிட்டருக்கு அவர் சொந்த மண்ணின் பெருமை. அதோடு பெயர் தெரியாத நல்ல உருவப்படம் எது கிடைத்தாலும் ரெனால்ட்ஸ் தலையில் கட்டுவது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது, விலையும் ஏறும்.

இப்போது ஆலன் ராம்சே என்கிறார்கள், அதாவது ராம்சே வரைந்ததாகக் கருதப்படுவது, கையெழுத்து இல்லை. ராம்சே 1713-இல் எடின்பரோவில் பிறந்தவர், பின்னாளில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் ஓவியர். 1754 முதல் 1757 வரை இத்தாலியில் இருந்துவிட்டு லண்டன் திரும்பினார். திரும்பிய பிறகு அவர் பாணியே மாறியது. வெளிச்சம் மென்மையானது, முகத்தில் அழுத்தமான கோடுகள் குறைந்தன, ஆளை மேடையில் நிற்கவைக்கும் தோரணை போய் ஆள் பேசுவதற்கு முந்தைய நொடியில் இருப்பது போல ஆனது. ரெனால்ட்ஸ் ஒருவரைக் கிரேக்கச் சிலையின் நிலையில் நிறுத்திப் பெரிய மனிதராக்குவார். ராம்சே இருக்கிற ஆளை அப்படியே அமைதியாகப் பார்ப்பார். எக்ஸிட்டர் படம் இரண்டாவது வகை என்பது என் கண்ணுக்கும் படுகிறது.

இன்னொரு விவரம். ராம்சே ஆரம்ப காலத்தில் முகத்தை மட்டும் வரைந்துவிட்டு உடையை ஜோசப் வான் ஆக்கன் என்ற உடை ஓவியரிடம் கொடுப்பார். லண்டனில் பாதி ஓவியர்கள் அப்படித்தான் செய்தார்கள், அதனால்தான் அந்தக் காலப் படங்களில் வேறு வேறு ஆட்கள் ஒரே பட்டுச் சட்டையில் இருப்பது போலத் தோன்றும். வான் ஆக்கன் 1749-இல் இறந்துவிட்டார். ஆகவே இந்தச் சிவப்புக் கோட் ஆக்கனின் கைச்சரக்கு இல்லை.

இக்னேஷியஸ் சாஞ்சோவாக இருக்கலாம் என்கிறார்களே?

2006-இல் அப்பல்லோ என்ற கலை இதழில் வந்த ஒரு கட்டுரை இந்த யோசனையை வலுவாக முன்வைத்தது. எக்வியானோவோடு ஒப்பிட்டால் எவ்வளவோ நியாயமான யோசனை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

சாஞ்சோ அன்றைய லண்டனில் வாழ்ந்த ஒரு கறுப்பினத்தவர், பிறந்தது 1729 வாக்கில். ஓவியக் காலத்தில் முப்பதை ஒட்டிய வயது, பொருந்துகிறது. மான்டேகு என்ற பெரிய பிரபுக் குடும்பத்தில் வேலை பார்த்தவர். அந்தக் குடும்பத்து டியூக்தான் சிறுவனாக இருந்த அவருக்குப் புத்தகங்கள் கொடுத்து வாசிக்க ஊக்கப்படுத்தினார். 1751-இல் இறந்த டச்சஸ், அதாவது டியூக்கின் மனைவி, அவருக்கு 70 பவுண்டு ரொக்கமும் ஆண்டுக்கு 30 பவுண்டும் எழுதிவைத்துவிட்டுப் போனார். 1758-இல் திருமணம். இசை எழுதினார், எழுத்தாளர் லாரன்ஸ் ஸ்டெர்னுக்கு அடிமைமுறை பற்றி எழுதச் சொல்லிக் கடிதம் போட்டார், பின்னாளில் வெஸ்ட்மின்ஸ்டரில் மளிகைக் கடை வைத்தார், சொத்து இருந்ததால் 1774-இலும் 1780-இலும் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தார். பிரபு வீட்டுத் தொடர்பு, கையில் கொஞ்சம் பணம், கலைஞர்களோடு பழக்கம் எல்லாம் இருந்த ஆள். ராம்சே முன் உட்கார்ந்திருக்க முடியும்.

சிக்கல் என்னவென்றால், சாஞ்சோவுக்கு ஐயத்துக்கு இடமில்லாத ஒரு படம் இருக்கிறது. 1768 நவம்பர் 29-ஆம் தேதி பாத் நகரத்தில் தாமஸ் கெய்ன்ஸ்பரோ வரைந்தது, இப்போது கனடாவில் ஒட்டாவா தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஒரு மணி நாற்பது நிமிடத்தில் முடித்தார் என்று அதன் பின்புறக் குறிப்பு சொல்கிறது. அந்தச் சாஞ்சோவுக்கு உருண்டையான, சதைப்பிடிப்பான முகம், வெளிச்சம் கன்னத்தில் விழுந்து பரவுகிறது, ஒரு கை சிவப்பு உள்சட்டைக்குள் நுழைந்திருக்கிறது. எக்ஸிட்டர்காரரின் முகம் வேறு மாதிரி நீண்டு இறுகியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பத்து வருடத்தில் ஒருவர் உடம்பு போடலாம், சாஞ்சோ போட்டார் என்பதும் தெரிந்ததே, ஆனால் உடம்பு போடாத நெற்றியும் கண்குழியும் மூக்கும் இருக்கின்றனவே. இதை ஆவணமாகச் சொல்லவில்லை, பார்வையாகச் சொல்கிறேன். இரண்டு படங்களையும் இணையத்தில் பெரிதாக்கி நீங்களே பாருங்கள்.

எப்படி இருந்தாலும் கடிதம், ரசீது, பழைய பட்டியல் என்று ஒரு துண்டுக் காகிதமும் சாஞ்சோவை இந்தப் படத்தோடு இணைக்கவில்லை. அருங்காட்சியகமும் பெயரில்லாமல்தான் வைத்திருக்கிறது. அதுதான் சரி என்பது என் கருத்து.

அவர் அடிமையா, வேலைக்காரரா, பணக்காரரா? உடை சொல்லாதா?

உடை நிறையச் சொல்லும், ஆனால் இதை மட்டும் சொல்லாது.

பிரபு வீட்டு வேலைக்காரர்களுக்குச் சீருடை இருந்தது. அது பெரும்பாலும் இரண்டு நிறம், விளிம்பில் குடும்ப அடையாளத்தோடு நெய்த பட்டி, தோளில் முடிச்சு, சாதாரணக் கோட்டைவிடப் பழைய பாணி. இந்தப் படத்தில் அந்த அடையாளங்கள் கண்ணில் படவில்லை. ஒரே சிவப்பில் கோட்டும் உள்சட்டையும் என்பது கனவான்களின் உடை. ஆனால் வீட்டின் முக்கியப் பணியாளர்கள், அதாவது வேலட் (எஜமானரின் தனிப் பணியாளர்), பட்லர் போன்றவர்கள், சீருடை போடமாட்டார்கள், எஜமானரின் பழைய நல்ல உடைகளைப் போடுவார்கள். ஆகவே வேலைக்காரராக இருக்க வாய்ப்பில்லை என்று உடையை வைத்துத் தள்ளிவிட முடியாது. சாஞ்சோவே கெய்ன்ஸ்பரோ முன் உட்கார்ந்தபோது டியூக்கின் வேலட்தான், அந்தப் படத்திலும் சீருடை கிடையாது.

சட்ட நிலையும் இதே குழப்பம். 1772-இல் நீதிபதி மேன்ஸ்ஃபீல்ட் பிரபு, சாமர்செட் என்ற அடிமையின் வழக்கில் தீர்ப்புச் சொல்லும்வரை, இங்கிலாந்து மண்ணில் கால் வைத்த ஓர் அடிமையை எஜமானர் கட்டாயமாகக் கப்பலேற்றி அனுப்ப முடியுமா என்ற கேள்விக்கே தெளிவான பதில் இல்லை. 1750-களில் ஒரே வீட்டில் சம்பளம் வாங்கும் கறுப்பின வேலைக்காரரும் சம்பளமே இல்லாத கறுப்பின வேலைக்காரரும் ஒரே மாதிரி உடையில் இருந்திருப்பார்கள். நல்ல துணியைப் பார்த்துவிட்டு "சுதந்திர மனிதர்" என்று எழுதுகிறவர்கள் ஆசையில் எழுதுகிறார்கள். வெறும் தோல் நிறத்தைப் பார்த்து "அடிமை" என்று எழுதுகிறவர்கள் இன்னும் மோசம்.

ஓவியர் பயிற்சிக்காக யாரோ ஒரு மாடலை உட்கார வைத்து வரைந்ததாக இருக்கலாமே?

இருக்கலாம், ஆனால் அப்படி வரைந்த படங்கள் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். அமெரிக்காவில் ஹூஸ்டன் மெனில் சேகரிப்பில் ரெனால்ட்ஸ் 1770 வாக்கில் வரைந்த ஓர் இளைஞரின் படம் இருக்கிறது. அதில் முகம் மட்டும் உயிரோடு இருக்கிறது, பார்வை எங்கேயோ மேலே, உடை அரைகுறையாகத் தேய்த்து விட்டபடி, பின்னால் மேகம். (அவரும் பெயர் தெரியாதவர்தான். சாமுவேல் ஜான்சனின் பணியாளர் பிரான்சிஸ் பார்பர் என்று ஒரு கட்சி, ரெனால்ட்ஸ் வீட்டு வேலைக்காரர் என்று ஒரு கட்சி.) டெட்ராய்ட்டில் காப்லி என்ற ஓவியர் வரைந்த ஒரு தலை இருக்கிறது, அது 1778-இல் அவர் வரைந்த சுறாமீன் தாக்குதல் ஓவியத்துக்கான முன்தயாரிப்பு.

எக்ஸிட்டர் படம் அப்படி இல்லை. உடையை அக்கறையாக முடித்திருக்கிறார்கள், ஆள் படத்துக்கென்று உட்கார்ந்திருக்கிறார். காசு கொடுத்துச் செய்யச் சொன்ன உருவப்படத்தின் முறை இது. காசு கொடுத்தது அவரா, அவர் எஜமானரா, ஒரு நண்பரா என்பது வேறு கேள்வி.

முகத்தை ஒப்பிடும் மென்பொருளில் போட்டால் தெரிந்துவிடாதா?

தெரியாது. புகைப்படத்தில் ஒரே முகத்தின் அளவுகள் பெரிதாக மாறாது. ஓவியத்தில் ஓவியரின் கை அளவுகளை மாற்றும். ஒரே ஆளை ராம்சேயும் கெய்ன்ஸ்பரோவும் வரைந்தால் மென்பொருள் இரண்டு ஆள் என்று சொல்லலாம், ராம்சே வரைந்த இரண்டு பேரை ஒரே ஆள் என்றும் சொல்லலாம். அதுவும் ஒப்பிட நம்மிடம் இருப்பது இரண்டே பெயர்கள். இரண்டு பேரில் யார் அதிகம் பொருந்துகிறார் என்று கேட்டால் இயந்திரம் ஒருவரைச் சொல்லத்தான் செய்யும். உண்மையான ஆள் அந்தப் பட்டியலிலேயே இல்லாமல் இருக்கலாம் என்பது அதற்குத் தெரியாது.

பிறகு பெயரை எப்படித்தான் கண்டுபிடிப்பார்கள்?

முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் அதிகம் பேசும். ஓவியத்தைத் திருப்பினால் மரச்சட்டத்தில் ஏல நிறுவனத்தின் எண்கள் கறுப்பு மையில் இருக்கலாம், வண்டியில் ஏற்றியவர் ஒட்டிய சீட்டு இருக்கலாம், பழைய வீட்டின் பொருட்பட்டியல் எண் இருக்கலாம். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஏலப் பட்டியல்களில் பின்னோக்கிப் போனால் எந்தக் குடும்பத்திலிருந்து படம் வெளியே வந்தது என்று தெரியும். குடும்பம் தெரிந்தால் அவர்களுடைய கணக்குப் புத்தகம், உயில், கடிதங்கள். அங்கேதான் "நம் இன்னாருடைய படத்துக்கு ஓவியருக்குக் கொடுத்தது" என்று ஒரு வரி கிடைக்கும் வாய்ப்பு இருக்கிறது. பழைய கித்தான் நைந்துவிட்டால் பின்னால் புதுத் துணி ஒட்டிவிடுவார்கள், அப்போது பின்புறம் எழுதியிருந்த பெயர் மறைந்துபோகும். இப்படி எத்தனை பெயர்கள் இரண்டு துணிகளுக்கு நடுவில் கிடக்கின்றனவோ. எக்ஸ்ரேயும் அகச்சிவப்புக் கதிரும் சில நேரம் உதவும்.

இன்னொரு வழி அச்சுப் படங்கள். கொஞ்சம் தெரிந்த ஆளாக இருந்தால் அவருடைய ஓவியத்தைச் செதுக்கி அச்சடித்து விற்றிருப்பார்கள், கீழே பெயர் இருக்கும். லண்டன் தேசிய உருவப்படக் கூடத்தின் ஹைன்ஸ் ஆவணக் காப்பகம், கோர்டால்ட் நிறுவனத்தின் விட் நூலகம் இரண்டிலும் உருவப்படங்களின் படிகள் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. பிரிட்டனில் பொதுச் சொத்தான 2 லட்சத்துக்கும் அதிகமான எண்ணெய் ஓவியங்களை ஆர்ட் யூகே இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். ஓவியரின் கணக்கேடு கிடைத்தால் இன்னும் நல்லது, ரெனால்ட்ஸின் சந்திப்புக் குறிப்பேடுகள் நிறைய மிஞ்சியிருக்கின்றன.

ஆனால் இந்த வழிகள் எல்லாமே சொத்தும் வீடும் உயிலும் உள்ளவர்களுக்காக அமைந்தவை. ஒரு டியூக்கின் பெயரற்ற படத்துக்குப் பெயர் கண்டுபிடிப்பது எளிது, அவர் பேரன் வீட்டில் இன்னொரு படி தொங்கும். இவருக்கு அப்படி ஒரு பேரன் வீடு நமக்குத் தெரியவில்லை. பெயர் தொலைந்தது தற்செயல் இல்லை என்று நான் நினைப்பது இதனால்தான்.

இப்படிப் பெயர் மாறிப்போன வேறு படங்கள் உண்டா?

நிறைய. மாட்ரிட் தைசன் அருங்காட்சியகத்தில் வெள்ளைத் தொப்பி வைத்த ஒரு கறுப்பினத்தவரின் படம் இருக்கிறது. ஜார்ஜ் வாஷிங்டனின் சமையற்காரர் ஹெர்குலிஸ், வரைந்தவர் கில்பர்ட் ஸ்டூவர்ட் என்று நெடுங்காலம் சொன்னார்கள். ஹெர்குலிஸ் சாதாரண ஆள் இல்லை, 1797 பிப்ரவரி 22-ஆம் தேதி, வாஷிங்டனின் 65-ஆவது பிறந்தநாளன்று, மவுன்ட் வெர்னன் பண்ணையிலிருந்து தப்பி ஓடி சுதந்திரமானவர். அவருக்கு ஒரு முகம் இருக்க வேண்டும் என்று எல்லோரும் விரும்பினார்கள். அண்மையில் நிபுணர்கள் படத்தை ஆராய்ந்தபோது ஸ்டூவர்ட்டின் கை இல்லை என்றார்கள். அந்த உயரமான வெள்ளைத் தொப்பியும் சமையற்காரர் தொப்பி இல்லை, அந்த வழக்கம் அடுத்த நூற்றாண்டில்தான் வந்தது. கரீபியனில் டொமினிக்கா தீவைச் சேர்ந்த ஒருவராக இருக்கலாம் என்பது இப்போதைய கருத்து. ஹெர்குலிஸ் முகம் இழந்தார், டொமினிக்காக்காரர் பெயர் இழந்தவராகவே இருக்கிறார்.

தலைகீழ்க் கதையும் உண்டு. டைடோ எலிசபெத் பெல் என்ற பெண்ணும் அவள் உறவுப்பெண் எலிசபெத் மரேயும் சேர்ந்திருக்கும் 1779 வாக்கிலான படம், இப்போது ஸ்காட்லாந்தில் ஸ்கோன் அரண்மனையில் இருக்கிறது. காலப்போக்கில் வெள்ளைக்காரப் பெண்ணின் பெயர் மட்டும் நிலைத்தது, டைடோ யாரோ ஒரு வேலைக்காரப் பெண் என்று ஆகிப்போனாள். குடும்பத்தின் காகிதங்கள் இருந்ததால் அவள் பெயர் மீண்டது.

பெயர் தொலையாமல் வந்த ஒருவர் அயூபா சுலைமான் டியாலோ. இன்றைய செனகல் பகுதியில் இருந்த பொண்டு (Bondu) என்ற நாட்டிலிருந்து பிடிக்கப்பட்டு மேரிலாந்தில் விற்கப்பட்ட படித்த முஸ்லிம், 1733-இல் லண்டன் வந்தார். வில்லியம் ஹோர் அவரை வரைந்தபோது தன் நாட்டு உடையில்தான் வரைய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். பார்க்காத உடையை எப்படி வரைவது என்று ஓவியர் கேட்க, அவரே அந்த உடையை விவரித்துச் சொன்னார். இதெல்லாம் நமக்குத் தெரிவதற்குக் காரணம், அடுத்த ஆண்டே அவரைப் பற்றி ஒருவர் சிறு நூல் எழுதி அச்சிட்டுவிட்டார். எக்ஸிட்டர்காரருக்கு அப்படி யாரும் எழுதவில்லை, அல்லது எழுதியது நம் கைக்கு வரவில்லை.

நம் ஊரோடு ஏதாவது தொடர்பு உண்டா?

படத்தோடு நேரடியாக இல்லை. ஓவியர் குடும்பத்தோடு ஒரு நூல் இருக்கிறது. ராம்சேயின் மனைவி மார்கரெட் லின்ட்சே, சாமர்செட் தீர்ப்பு சொன்ன மேன்ஸ்ஃபீல்டின் சகோதரி மகள். மார்கரெட்டின் சகோதரர் கடற்படை அதிகாரி ஜான் லின்ட்சே. மேலே சொன்ன டைடோ அவர் மகள்தான். இதே லின்ட்சே 1769-இல் கிழக்கிந்தியக் கடற்பகுதியின் கடற்படைத் தளபதியாக அனுப்பப்பட்டு, மன்னரின் பிரதிநிதியாக ஆற்காடு நவாப் முகமது அலியோடு நேரடியாகப் பேச மதராஸ் வந்தார். கம்பெனிக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை, பெரிய தகராறு நடந்து அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். ஆக ராம்சேயின் வீட்டு உறவிலேயே, மைத்துனரின் மகளாக, ஒரு கறுப்பினப் பெண் இருந்தாள், ஆனால் டைடோ பிறந்தது 1761-இல், எக்ஸிட்டர் படத்துக்குப் பிறகு. அதனால் இந்த உறவை வைத்துப் படத்துக்கு விளக்கம் சொல்ல முடியாது.

பெயர் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன? எக்வியானோ என்றே இருந்துவிட்டுப் போகட்டுமே, நல்ல காரியத்துக்குத்தானே பயன்படுகிறது?

இந்தக் கேள்வி கேட்பவர்கள் நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

முதல் காரணம் எக்வியானோவே. பெயரைப் பிடுங்கிக் கப்பலில் குஸ்டாவஸ் வாசா என்று வேறு பெயர் வைத்ததையும், அதை மறுத்ததற்கு அடி வாங்கியதையும் அவர் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். தன் முகப்புப் படத்துக்குக் கீழே இரண்டு பெயர்களையும் போட்டுக்கொண்டார். தன்னைத் தானே முன்வைத்த ஒருவரின் முகத்தை எடுத்துவிட்டு அழகான வேறொருவர் முகத்தை வைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை இல்லை.

இரண்டாவது, சிவப்புக் கோட்டுக்காரர். அவருக்கு ஒரு பெயர் இருந்தது, வீட்டில் அவரைக் கூப்பிட்டவர்கள் இருந்தார்கள். எக்வியானோ என்று எழுதிவிட்டால் தேடல் அங்கேயே நின்றுவிடும். ஒருவேளை ஏதோ ஒரு பழைய மாளிகையின் கணக்குப் புத்தகத்தில் அவர் பெயர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், அதைப் புரட்டுகிறவர் "அந்தப் படம்தான் எக்வியானோ ஆயிற்றே" என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்.

பாடம் நடத்தவோ கட்டுரைக்கோ இந்தப் படத்தைப் பயன்படுத்தலாமா? கீழே என்ன எழுதுவது?

தாராளமாகப் பயன்படுத்துங்கள். கீழே இப்படி எழுதினால் போதும்: "சிவப்பு உடையில் ஒரு மனிதர், பெயர் தெரியவில்லை. ஆலன் ராம்சே வரைந்ததாகக் கருதப்படுவது, சுமார் 1757–60. ராயல் ஆல்பர்ட் மெமோரியல் மியூசியம், எக்ஸிட்டர்." எக்வியானோ பற்றிய கட்டுரை என்றால் 1789 முகப்புப் படத்தைப் போடுங்கள், அது காப்புரிமை முடிந்து பல நூலகத் தளங்களில் நல்ல தரத்தில் கிடைக்கிறது. ஏற்கெனவே எக்வியானோ என்று போட்டு வெளியிட்டுவிட்டீர்கள் என்றால் படத்தை எடுக்க வேண்டியதில்லை, பெயரை மட்டும் மாற்றி, முன்பு இப்படித் தவறாக அறியப்பட்டது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.